சாதனை நோட்டீஸ்: ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் சரிபார்க்க

உறவுகளுக்கு வணக்கம். ஊராட்சித் தலைவர் வெளியிடும் சாதனை நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு பணிக்கும் முதலில் எந்த நிதி என்று பாருங்கள். எம்.எல்.ஏ. நிதியில் போட்ட சாலையும் ஊராட்சிக் கணக்கில் ஏறிவிடுவது உண்டு. மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் செயலியில் ஊராட்சியின் திட்டமும் செலவும் தெரியும்.

சிமென்ட் சாலைக்கு எம்-புக் எனும் அளவுப் பதிவேடுதான் உயிர். நீளம், அகலம், கனம் அதில்தான் பதிவாகும். டேப் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள். ஓரத்துக் கனத்தை மட்டும் நம்ப வேண்டாம், நடுவில் மெலிந்திருக்கலாம். நகல் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும், ஆகவே ஜூலை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

குடிநீரில் இணைப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் அளவு ஆளுக்குத் தினம் 55 லிட்டர். 4 பேர் வீட்டுக்கு 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம்.

நன்றாக முடிந்த வேலையையும் சபையில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.