பாப்பாவுக்கு, உன் ஷோரீல் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, பாட்டி எல்லோரும் சௌக்கியம். போனில் ஆரம்பித்தால் "மீட்டிங்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிடும்போது படி.

நீ செய்த அனிமேஷன் வேலைகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த உன் ஷோரீலைப் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் "உங்களுக்கென்று ஒரு ஸ்டைல் தெரியவில்லை, வங்கி ஆப், பல் டாக்டர், குறும்பட டைட்டில், கல்யாண மண்டப எல்.இ.டி. திரை எல்லாம் கலந்து கிடக்கிறது" என்றாராம். இனிமேல் ஆப் வேலை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால், வேலையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ரீலை வெட்டியதில் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் நான் வீடியோ கடை வைத்திருந்தபோது கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், லோக்கல் கேபிளுக்கு ஜவுளிக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் எடுத்தோம். காட்சிகளைக் கோக்கிற வீடியோ மிக்சர் மெஷினில் இருந்ததோ இதயம், நட்சத்திரம், பக்கம் புரள்வது மாதிரி சில எஃபெக்ட்தான். கடலூரில் எல்லாக் கடையிலும் அதே இதயம்தான். ஆனாலும் கேசட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் இது யார் மிக்சிங் என்று எங்களுக்குள் சொல்லிவிடுவோம். தாலி கட்டுகிற இடத்தில் ஒருத்தர் இருக்கிற எஃபெக்டையெல்லாம் கொட்டுவார். இன்னொருத்தர் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அதுதான் அடையாளம்.

உன்னுடைய அடையாளம் ஒரு பொருளை நிறுத்துகிற விதம். நீ முன்பு தனித்தனியாக அனுப்பிய முழுப் படங்களையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வங்கி ஆப்பில் நாணயம் உண்டியலுக்குள் விழுகிறது. உண்டியல் லேசாக அமுங்கி எழுகிறது. அப்புறம் அரை நொடி திரையில் ஒன்றுமே அசையவில்லை. பல் டாக்டர் படத்தில் பிரஷ் கோப்பையில் போய்ச் சாய்ந்து, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கேயும் அதே அரை நொடி. அசைவு தொடங்குகிற, முடிகிற இடத்தைக் குறிக்கிற கீஃப்ரேம்களுக்கு நடுவில் வேகத்தைக் காட்டும் கர்வை வளைத்து வேகத்தைக் குறைப்பதை 'ஈஸ்' என்பார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அந்த வளைவு இரண்டு படத்திலும் ஒரே கையுடையது.

ரீலில் என்ன செய்திருக்கிறாய்? வேகமான பாட்டுக்கு ஒவ்வொரு தாளத்திலும் வெட்டியிருக்கிறாய். நாணயம் விழுவது வரை இருக்கிறது, உண்டியல் எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. உன் கை தெரிகிற இடத்தையெல்லாம் நீயே கத்தரித்துவிட்டு, ஸ்டைல் இல்லை என்கிறார்களே என்று வருத்தப்பட்டால் எப்படி? பாதி வேலைகளை எடுத்துவிடு. மிச்சத்தை முழுசாக நிற்க விடு. பாட்டையும் மாற்று, காது வலிக்கிறது.

ஒரே வகை வேலை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மாவுக்குப் பிடித்தது கண் ஆஸ்பத்திரிக்குச் செய்த புரைப் படம்தான். காத்திருக்கும் ஹாலில் டிவிக்குச் சத்தம் கிடையாது, பார்க்கிறவர்களுக்கோ கண்ணே பிரச்சினை. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளடித்துப்போகும், நீலம் மங்கிவிடும். வெள்ளையில் வெளிர்நீல எழுத்து வைத்திருந்ததை நீ கறுப்புப் பின்னணியில் தடித்த எழுத்தாக மாற்றினாயே, அம்மா அதைத் தன் ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களை நினைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்கப்புறம் செய்த வங்கி ஆப்பில் தொகை மட்டும் பெரிதாக, பளிச்சென்று தனியாக நிற்கிறது. ஆப் வேலை மட்டும் எடுத்திருந்தால் அது உனக்குத் தோன்றியிருக்குமா?

எனக்குப் பிடித்தது குறும்பட டைட்டில். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டால் சில சாஃப்ட்வேரில் 'கோ'வின் கொம்பு தனியாக வரும், 'க' தனியாக வரும், கால் கடைசியில் வந்து ஒட்டும். லோக்கல் விளம்பரங்களில் இந்தக் கண்றாவியை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ எழுத்தை வடிவமாகவே வரைந்து, கொம்பும் காலும் சேர்ந்த மொத்த 'கோ'வை அசைத்திருக்கிறாய். திரையில் எழுத்துப் போடுகிற என் கடை டைட்டிலர் மெஷினில் இங்கிலீஷ் மட்டும்தான் வரும். அதனால் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டுக் கறுப்பு அட்டையில் வெள்ளைப் பெயிண்டால் மணமக்கள் பெயரை எழுதச் சொல்லி, அதைக் கேமராவில் எடுத்து, மிக்சரில் கறுப்பை மட்டும் நீக்கி மண்டபக் காட்சி மேல் ஏற்றுவோம். அட்டை கொஞ்சம் பளபளத்தால் போச்சு, பெயரைச் சுற்றிப் புகை மாதிரி வரும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரின் செங்குத்து வீடியோவில் போன் நம்பரை அடியில் வைத்திருக்கிறாய். இன்ஸ்டாகிராமில் பார்த்தால் அதன் மேல் பெயரும் கேப்ஷனும் உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் காலத்துப் பெட்டி டிவி நாலு ஓரத்தையும் தின்றுவிடும், அதனால் எழுத்தை உள்ளே தள்ளியே வைப்போம். பெட்டி போய்விட்டது, பழக்கம் இன்னும் தேவைப்படுகிறது. அந்த இன்சூரன்ஸ் படத்தின் தமிழ்ப் பதிப்பில் இங்கிலீஷுக்கு வைத்த அதே நேரத்தைத் தமிழுக்கும் வைத்துவிட்டாய். நீளமான வரி, பாட்டி பாதியிலேயே விட்டுவிட்டாள்.

காசு விஷயம். அட்வான்ஸ் வாங்காமல் கீஃப்ரேம் வைக்காதே. எத்தனை கரெக்‌ஷன் என்று முன்பே எழுதிவிடு, அதற்கு மேல் தனிச் சார்ஜ். 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர் என்று நம் தெரு வக்கீல் சொன்னார். ரீலில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள். டி.டி.எஸ். என்று உன் பணத்தில் வரியைப் பிடிக்கிற கம்பெனிகள் அதைக் கட்டியிருக்கிறார்களா என்று வருமான வரி இணையதளத்தில் பார். மாமா பையன் கல்யாணத்துக்கு இலவசமாகச் செய்தது சரி, ஆனால் பில் ஒன்று போட்டு அதில் 'அன்பளிப்பு' என்று எழுதிக் கொடு. விலை தெரிந்தால்தான் அடுத்த சொந்தக்காரர் யோசித்துக் கேட்பார்.

ப்ராஜெக்ட் ஃபைல்களை இரண்டு இடத்தில் வை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடைக் கூரை பறந்து மாஸ்டர் கேசட்டுகள் நனைந்து போயின. அந்தக் கல்யாணங்களின் பிள்ளைகள் இப்போதும் வந்து கேட்கிறார்கள்.

இன்னொன்று. பண்ருட்டி முந்திரிக் கடைக்காரர் உன்னிடம் "சின்னதா ஒரு வீடியோ" வேண்டும் என்றார். சின்ன வீடியோ என்று ஒன்று கிடையாது, பாதிப் பணம் முன்னால் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். நம்பர் அனுப்புகிறேன், பேசு. பேரம் பேசுவார், பாதியை முந்திரியாகத் தருகிறேன் என்பார். அம்மா ஒத்துக்கொள்வாள். நீ ஒத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா
மஞ்சக்குப்பம், கடலூர்