அந்தப் படத்தில் இருப்பது லூர்து மாதா

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கொங்கு நாட்டுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். கொடுமுடி, பவானி, திருமுருகன்பூண்டி என்று நல்ல சுற்று. போகிற வழியில் சாலையோர மாதா கெபி (குகை மாதிரிக் கட்டிய சின்னக் கோவில்) ஒன்றைப் பார்த்து, வண்டியை நிறுத்திப் படமும் எடுத்திருக்கிறார் கட்டுரையாளர். சந்தோஷம். ஆனால் படத்துக்குக் கீழே 'வேளாங்கண்ணி மாதா' என்று அச்சாகியிருக்கிறது. அது வேளாங்கண்ணி மாதா இல்லை, லூர்து மாதா.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். பழனியாண்டவர் படத்தைப் போட்டு 'திருச்செந்தூர் முருகன்' என்று எழுதியிருந்தால் உங்களுக்கு எத்தனை போன் வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நான் சோமனூர்க்காரன். விசைத்தறி சாமான் விற்பதற்காகப் பல்லடம், ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி என்று 31 வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைந்தவன். நாடாவும் பாபினும் விற்ற நேரத்தைவிட ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அதில் கைவந்த ஒரே வித்தை, ஓடுகிற பஸ்ஸிலிருந்தே இது எந்த மாதா என்று சொல்லிவிடுவது.

கையில் குழந்தை, தலையில் கிரீடம், சரிகை போட்ட சேலை என்றால் வேளாங்கண்ணி. வெள்ளை அங்கி, இடுப்பில் நீலக் கச்சை, கூப்பிய கை, பின்னால் கல்குகை, கீழே மண்டியிட்ட ஒரு சிறுபெண் என்றால் லூர்து. 1858இல் பிரான்சில் விறகு பொறுக்கப் போன பெர்னதெத் என்ற பெண் கண்ட கோலம் அது. வெள்ளை உடைதான், ஆனால் நீலக் கச்சையைக் காணோம், கீழே மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் பாத்திமா. அது போர்ச்சுகல், 1917. கைகளிலிருந்து ஒளிக்கதிர் இறங்கி, காலடியில் பாம்பு மிதிபட்டுக் கிடந்தால் அமலோற்பவ மாதா.

சகாய மாதாவைப் பெரும்பாலும் படமாகத்தான் பார்க்கலாம். குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் அந்தக் காலண்டர் வருஷக்கணக்கில் தொங்கியது. பட்டறைக்காரர் சென்னிமலை முருகன் பக்தர். காலண்டர், எப்போதோ வேலை பார்த்துவிட்டுப் போன ஒரு பையன் மாட்டியது. தேதி கிழித்து முடிந்து, அட்டை மட்டும் பஞ்சுத் தூசி படிந்து நின்றது. ஒரு நாள் பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "ஏனுங்க, அந்தக் கொழந்த கால்ல செருப்பு ஏனுங்க தொங்குது?" அத்தனை வருஷம் பார்த்த படத்தில் நான் அந்தச் செருப்பைக் கவனித்ததே இல்லை. கிட்டப் போய்த் துடைத்துப் பார்த்தேன். ஒரு கால் செருப்பு கழன்று வாரோடு தொங்குகிறது. மேலே இரண்டு பக்கமும் வானதூதர்கள் சிலுவையும் ஈட்டியும் வைத்திருக்கிறார்கள்; பிற்காலத்தில் தான் படப்போகும் பாடுகளைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சொன்னேன். "அப்பப் பதறி ஓடியாந்திருக்குதுங்க" என்றார். அடுத்த முறை போனபோது அட்டைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது எந்த மாதா என்று தெரிந்தால், அந்த ஊருக்கு யார் வந்தார்கள், எந்தக் காலத்தில் வந்தார்கள் என்பதும் கொஞ்சம் பிடிபடும். அதனால்தான் பெயர் மாறக்கூடாது என்கிறேன்.

கருமத்தம்பட்டியில் இருப்பவர் ஜெபமாலை மாதா. அந்தக் கோவிலின் தொடக்கம் 17ஆம் நூற்றாண்டில், மதுரை மிஷனின் சேசுசபைச் சாமியார்கள் இந்தப் பக்கம் நடந்தே திரிந்த காலத்தில். 1846 அக்டோபர் 4ஆம் தேதி, மாதத்தின் முதல் ஞாயிறு, அங்கேதான் பிரெஞ்சுக்காரரான பிரசில்லாக் ஆண்டகை ஆயராக (பிஷப்பாக) அபிஷேகம் பெற்றார். 1850இல் கோயமுத்தூர்ப் பகுதியைப் புதுச்சேரியிலிருந்து தனியாகப் பிரித்தபோது பொறுப்பு அவரிடம் வந்தது. பிறகு ஊர் திரும்பி, லியோன் நகரத்தில் ஆப்பிரிக்க மிஷனுக்காக ஒரு சபை தொடங்கி, 1859இல் சியரா லியோனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் இங்கே இருந்த காலத்தில் லூர்து மாதா என்ற பெயரே உலகத்தில் கிடையாது. அவருக்கு அப்புறம் வந்த பிரெஞ்சுச் சாமியார்கள்தான் தங்கள் நாட்டு மாதாவைக் கொண்டு வந்தார்கள். குகை வேண்டுமே என்று நம்மூர்க் கருங்கல்லை அடுக்கிக் கெபி கட்டினார்கள். லாரி முன்கண்ணாடியிலும் பட்டறைச் சுவரிலும் இருக்கிற வேளாங்கண்ணி மாதாவுக்குச் சாமியார் யாரும் தேவைப்படவில்லை. செப்டம்பர் 8 திருநாளுக்குக் காவித் துணி கட்டிப் போய்விட்டு வந்தவர்கள் அவர்களாகவே வாங்கி வந்து வைத்தது. சங்ககிரிப் பக்கம் லாரிகளில் நடுவில் பழனி முருகன், ஓரத்தில் இந்த மாதா என்று ஒரே கண்ணாடியில் இருப்பார்கள்.

கட்டுரையில் இன்னொன்றும் உறுத்தியது. வெள்ளைக்காரன் ரயில் போட்டபோதுதான் இந்தப் பக்கம் மாதா கோவில்கள் வந்தன என்ற தொனி. ரயில் போத்தனூருக்கு வந்தது 1860களில். சேசுசபைச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்திச் சேலம் வந்தது 1623இல். நடுவில் இருநூறு வருஷத்துக்கும் மேலே இருக்கிறது.

எங்கள் அமிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவளுக்கு, வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. கருமத்தம்பட்டியில் பஸ் ஏறியதும் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஜெபமாலையை எடுப்பாள். 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்று பழைய மந்திரம்தான். 'அருள் நிறைந்த மரியே' என்று மாற்றிவிட்டார்களே என்று சொன்னால், "மாத்தினவிய அப்படிச் சொல்லட்டும்" என்பாள். அவிநாசி வருவதற்குள் 50 மணியும் முடிந்துவிடும். கண்டக்டர் நடுவில் டிக்கெட் கேட்டால் மணியைப் பிடித்த விரலை எடுக்காமல் மறு கையால் காசை நீட்டுவாள். அவிநாசி தேர் நிலையைத் தாண்டும்போது அதே கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. அதைப் பங்குசாமியாரிடம் யாரும் சொன்னதில்லை.

உங்கள் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர் படம் எடுத்த கெபியைப் போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புதுசாக எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நீலக் கச்சை இப்போது தங்கக் கலர், அதுதான் சரிகைச் சேலை மாதிரித் தெரிந்திருக்கிறது. லூர்து மாதாவின் இரண்டு பாதங்களிலும் ஒவ்வொரு பொன் ரோஜா உண்டு. பெயிண்டருக்கு அது பூவென்று தெரியவில்லை போல. விரல்களோடு சேர்த்து மருதாணிச் சிவப்பில் தீட்டிவிட்டார். கல்குகைக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டி, சுற்றிலும் சீரியல் பல்பு. கீழே இருந்த பெர்னதெத்தைக் காணோம். மூக்கு உடைந்திருந்ததாம், எடுத்துக் கிணற்றடியில் வைத்திருக்கிறார்கள். செலவு செய்தவர்கள் பக்தியோடுதான் செய்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் பழைய போட்டோ ஒன்றைப் பெயிண்டர் கையில் கொடுத்திருக்கலாம்.

அந்தப் பெண் இன்னும் கிணற்றடியில்தான் மண்டியிட்டிருக்கிறாள், துவைக்கிற கல்லைப் பார்த்தபடி. கெபியைப் பராமரிக்கிறவரிடம், மூக்கு வைக்க ஆகும் செலவை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் அடுத்த இதழில் 'லூர்து மாதா' என்று ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் அக்டோபரில் வரச் சொல்லுங்கள். ஜெபமாலை மாதா தேரை நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சோமனூர்.