வெண்கலக் குரல் இருக்கத் தேன்குரல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த மொழிபெயர்ப்புச் சிறுகதையில், கல்லறைத் தோட்டத்தில் நின்று பாதிரியார் 'தேனினும் இனிய குரலில்' ஜெபம் வாசித்தார் என்று ஓர் இடம் வருகிறது. அடக்கம் நடக்கும் இடத்தில் தேன் எங்கிருந்து வந்தது என்று குழம்பி மூலத்தைத் தேடியெடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்த ஆங்கிலச் சொல் 'சொனோரஸ்' (sonorous). முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற உரிமையில் இதைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

ஒலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இந்த அடைமொழிக்கு இனிமையோடு நேரடி உறவு கிடையாது. ஆழமும் நிறைவும் கொண்டு, தட்டிய பிறகும் அடங்காமல் நின்று ஒலிப்பதையே அது குறிக்கிறது. 1667-இல் வெளியான 'இழந்த சொர்க்கம்' (Paradise Lost) என்ற தம் காவியத்தில் ஆங்கிலக் கவிஞர் மில்டன், சாத்தானின் படையினர் ஊதும் போர் இசைக்கருவிகளின் உலோகத்துக்கு இந்த அடைமொழியைக் கொடுத்தார். அங்கே தேனுக்கு இடமே இல்லை. (அவருடைய யாப்பின்படி அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், முதலசையில் அழுத்திச் சொல்வோரும் உண்டு, இரண்டும் பிழையல்ல.)

பள்ளி அறிவியல் நூல்களும் உலோகத்தின் இயல்புகளை அடுக்கும்போது இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்கின்றன. நான் பணியாற்றிய பள்ளியில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டுதான் வேப்பமரத்தில் தொங்கியது. அதை இரும்புக் கம்பியால் ஒருமுறை தட்டச் சொல்லி, உடனே கையால் பற்றி ஒலியை அடக்கச் சொன்னால், மாணவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை வேறு விளக்கம் இல்லாமலே புரியவைத்துவிடலாம். ஆனால் உலோகம் எல்லாமே இப்படி ஒலிப்பதில்லை. ஈயக் கட்டியைத் தட்டினால் 'தொப்'பென்றுதான் கேட்கும். மணி வார்ப்பவர்கள் ஏறத்தாழ நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வெண்கலமாக உருக்குவது அந்த நீண்ட ஒலிக்காகத்தான். எங்கள் ஊர்ப் பாத்திரக் கடைகளில் வெண்கலப் பானை வாங்க வரும் பெண்கள் விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூட ஒலி செத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பானையின் பெயராலேயே நாம் குரலையும் சொல்கிறோம் என்பதுதான் எனக்கு வியப்பு. சீர்காழி கோவிந்தராஜன் பாடுவதை 'வெண்கலக் குரல்' என்று சொல்லாத ரசிகர் இல்லை. மில்டன் உலோகத்துக்குச் சொன்னதும், கதாசிரியர் பாதிரியாரின் குரலுக்குச் சொன்னதும் ஒரே பண்பைத்தான் என்பதை நம் வழக்கு ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. 'கணீர்', 'முழக்கம்', நீண்டு நிற்கும் ஒலிக்கு இசைக்காரர்கள் சொல்லும் 'கார்வை' என்று வேறு சொற்களும் கைவசம் இருக்க, 'இனிய' என்ற தேய்ந்த சொல்லுக்கு ஓடுவானேன்?

ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடவும் முடியாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும் மருத்துவர் இதே அடைமொழியால் குறிப்பது, குறட்டை போன்ற தாழ்ந்த சுருதி உடைய மூச்சிரைச்சலை. அரசியல்வாதியின் பேச்சுக்கு இதைச் சூட்டும் விமர்சகர், பெரும்பாலும், ஓசை பெரிது, சரக்கு சிறிது என்று இடித்துக்காட்டவே சூட்டுகிறார். அங்கெல்லாம் 'வெண்கலம்' பொருந்தாது.

அந்தக் கதையிலும் 'வெண்கலக் குரல்' என்றால் பாதிரியார் கச்சேரிக்கு வந்தவர் போலாகிவிடும்; 'கணீரென்று' என்பதும் துக்க வேளைக்குச் சற்றுக் கூடுதல். நானாக இருந்தால் 'கனத்த, கார்வையுள்ள குரலில் வாசித்தார்' என்று எழுதியிருப்பேன். மொழிபெயர்ப்பாளர் இதைவிட நல்லதொன்று கண்டால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.