குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால் பற்றி மாநகராட்சிக்கு எழுதிய கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் சொல்வார். நான் விரிவாகப் பேச நினைப்பது குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றி.

2018-இல் சென்னை அயனாவரத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 11 வயதுச் சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை நமக்கெல்லாம் தெரியும். காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று தினமும் அந்த வளாகத்துக்குள் நடமாடியவர்கள்தான் அதில் சிக்கினார்கள். மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. நம் வளாகமும் அதே மாதிரியான வளாகம்தான் என்பதால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர் ஒருவரை அழைத்து இந்த ஆண்டு கூட்டம் நடத்தினோம்.

"வெறும் சந்தேகத்தை வைத்து எப்படிப் புகார் கொடுப்பது? தப்பாகிவிட்டால்?" இதைத்தான் பலரும் கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. ஆதாரம் தேடுவது நம் வேலை இல்லை.

போக்சோ பாலியல் குற்றங்களுக்கானது. அடிப்பது, பட்டினி போடுவது, கவனிப்பாரின்றி விடுவது போன்றவற்றுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. 14 வயது நிரம்பாத குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பதும் குற்றம். நம் பிளாட்டுகளில் "ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்" என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பாருங்கள். எதுவானாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.

முதலில் சங்க அறையில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாமே என்று சில உறுப்பினர்கள் யோசனை சொன்னார்கள். குடும்ப மானம் கெடக்கூடாது என்ற அக்கறையில் சொன்னதுதான். செயற்குழு அதை ஏற்கவில்லை. அப்படிப் பேசினால் சம்பந்தப்பட்டவர் உஷாராகிவிடுவார், மிரட்டல் அந்தக் குழந்தை மேல்தான் விழும். நாம் ஆளாளுக்குக் குழந்தையைக் கூப்பிட்டு "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்பதும் கூடாது. வாக்குமூலம் வாங்க முறை இருக்கிறது: குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும்.

இன்னொன்று, வாட்ஸ்அப் குழு. குழந்தையின் பெயர், படம், பிளாட் எண், படிக்கும் பள்ளி எதையும் அதில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைக்குரியது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள்: லிஃப்டுக்குள்ளும் விளையாட்டுத் திடலிலும் 1098 எண்ணைக் குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வைப்பது, காவல்துறைச் சரிபார்ப்பு முடியாத யாரையும் செக்யூரிட்டி, பராமரிப்பு வேலைக்கு எடுக்காமல் இருப்பது, இத்தகைய புகார் எதையும் சங்கம் சமரசம் பேசி முடிக்காது என்பதை விதிமுறையில் சேர்ப்பது.

விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்