அப்பத்தா மடி கார் சீட் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குலசாமி கும்பிடப் போனாலும் சரி, மொட்டையெடுத்துக் காது குத்தப் போனாலும் சரி, நம் பக்கத்துக் கார்களில் கைக்குழந்தைக்கு ஒரே இடம்தான்: அப்பத்தா மடி. அது இல்லாவிட்டால் முன் சீட்டில் அம்மா மடி. "இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர்கள் தங்கள் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னால் தள்ளப்படுகிறார்கள். 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ. திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் 80-ல் போகும் காரில் மோதலின் ஆற்றல் அதைப் போல இரண்டரை மடங்கு. இதை எந்தக் கை பிடிக்கும்? பெரியவரின் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம். பெரியவரின் எடை முழுவதும் குழந்தை மீது இறங்கும்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து எதையாவது வாங்கி மாட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கடையில் வயதைச் சொல்லிக் குழந்தைக்கான கார் சீட் கேட்காதீர்கள். எடையையும் உயரத்தையும் சொல்லிக் கேளுங்கள். சீட்டின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதனுடன் 'ஆர்44' என்ற பாதுகாப்புத் தர எண் இருந்தால் எடைக் கணக்கு. 'ஆர்129' என்றிருந்தால் சென்டிமீட்டரில் உயரக் கணக்கு. ஐரோப்பாவில் 2024 செப்டம்பரோடு ஆர்44 சீட்டுகளைப் புதிதாக விற்பது நின்றுவிட்டது. இரண்டும் கிடைத்தால் ஆர்129-ஐ எடுப்பதே நல்லது. இந்திய முத்திரை என்றால் ஏஐஎஸ் 072. எந்த முத்திரையும் இல்லாத, தூக்கிப் போகும் கூடையை 'கார் சீட்' என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

அட்டைப்பெட்டியில் '0 முதல் 18 கிலோ' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதில் குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி எத்தனை கிலோ வரை வைக்கலாம் என்பது சிறிய எழுத்தில் இருக்கும்: சிலவற்றில் 10, சிலவற்றில் 13, சிலவற்றில் 18. இந்த எண் அதிகமாக உள்ள சீட்டுதான் நல்ல சீட். சின்னக் குழந்தைக்கு உடம்போடு பார்க்கத் தலை பெரிது, கழுத்தெலும்பு இன்னும் இறுகியிருக்காது. முன்பக்கம் பார்த்திருந்தால் மோதலில் உடம்பு வாரில் நிற்கும், தலை மட்டும் பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கும். ஆர்129-ல் 15 மாதம் ஆகாமல் முன்னால் திருப்பவே கூடாது. 15 மாதம் ஆன மறுநாளே திருப்ப வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. சீட்டின் அளவு இடம் கொடுக்கும் வரை, முடிந்தால் நான்கு வயது வரை, அப்படியே வைக்கலாம். "கால் மடங்கி வலிக்குமே" என்று பாட்டிமார் கேட்பார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். காலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்: உச்சிக்கும் ஓட்டின் விளிம்புக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இல்லையென்றால்தான் சீட் சிறிதாகிவிட்டது.

முன் சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால், பின்பக்கம் பார்த்த சீட்டை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். பை வெடித்து விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இடிக்கும்.

இனி மாட்டும் விதம். பின் சீட்டின் மெத்தை இடுக்கில் கை விட்டால் இரண்டு இரும்புக் கம்பிகள் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் தட்டுப்படும். அதுதான் குழந்தை சீட்டைக் கவ்வ வைத்து மாட்டும் ஐசோஃபிக்ஸ். முன்பக்கம் பார்த்து வைக்கும் பல சீட்டுகளில், சீட்டின் உச்சியைக் காரோடு பிணைக்கும் மேல்வார் ஒன்றும் உண்டு. அதை மாட்டாமல் தொங்க விட்டால் தலை முன் சீட்டில் போய் இடிக்கும். கம்பி இல்லாத பழைய காரில் பெல்ட்டால் கட்டலாம். பெல்ட் போகும் வழி பின்பக்கத்துக்கு நீல நிறத்திலும், முன்பக்கத்துக்குச் சிவப்பு நிறத்திலும் குறிக்கப்பட்டிருக்கும். நீல வழியில் போக வேண்டியதைச் சிவப்பு வழியில் விட்டுக் கட்டுவது அடிக்கடி நடக்கும் தப்பு. முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. சொந்தக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் சீட்டில் கவனம் தேவை. அந்த ஊர்க் கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். நம் கார்களில் பெரும்பாலும் பெல்ட் வெடுக்கென இழுத்தால்தான் பூட்டும். அதனால் தனிப் பூட்டுக் கிளிப் இல்லாமல் அந்த சீட் தளர்ந்துவிடும்.

தோள்வார் பின்பக்கம் பார்க்கையில் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ, முன்பக்கம் பார்க்கையில் தோளுக்கு நேராகவோ சற்று மேலேயோ வர வேண்டும். காறை எலும்பருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் தளர்வு. பட்டுப்பாவாடைச் சுருக்கத்தை வாருக்கு அடியிலிருந்து விலக்கிவிடுங்கள். கொண்டை போட்டு மல்லிகைச் சரம் சுற்றிய தலை பின்னால் சாயாது, முகவாய் நெஞ்சைத் தொடும். பூவைப் போய்ச் சேர்ந்த பிறகு வைக்கலாம். கைக்குழந்தையைத் துணியில் சுற்றி உட்கார வைக்காதீர்கள். கவட்டு வாரை மாட்டி முடித்த பின் மேலே போர்த்துங்கள். மதுரை வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு நாக்கு தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போது வெள்ளைத் துண்டைப் போட்டு மூடிவிட்டு, ஏற்றும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வார் அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், வாஷிங் மெஷினில் போட்டால் இழை பலவீனமாகும்.

பழைய சீட்டை வாங்கினால் விபத்தில் சிக்கியதா என்பது தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் பதித்த தயாரிப்புத் தேதியையும், அதோடு போட்டிருந்தால் காலாவதி ஆண்டையும் பாருங்கள்.

கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மதிப்பெண். 18 மாத, 3 வயது பொம்மைகளை முறையான சீட்டில் கட்டி வைத்துத்தான் அதைச் சோதிக்கிறார்கள். ஐந்து நட்சத்திரக் காரை வாங்கிவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்தால் அந்த நட்சத்திரம் பிள்ளைக்கு இல்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியில் இருக்கும் சீட்டைப் பார்த்து எதுவும் தெரியாது. சின்னக் காரில் பின்பக்கம் பார்த்து வைத்தால் முன் சீட்டுக்காரரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டலாம், சீட்டைத் தாங்கத் தரையில் ஊன்றும் தாங்குகாலுக்கு இடமில்லாமல் போகலாம். வாங்குபவரின் காரில் ஒருமுறை மாட்டிப் பார்க்க விடுங்கள். விட மாட்டேன் என்கிற கடையில் வாங்காமல் திரும்பி வரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.