மர்ரேயின் இடத்தில் யார்? – மன்றத்தின் 2015–16ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம். 2015 மார்ச் முதல் 2016 மார்ச் முடிய உள்ள காலத்துக்குரிய செயலாளர் அறிக்கையை இப்பேரவையின் முன் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, உறுப்பினர் சேர்க்கை, ஆட்டம் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைகள் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு நம் ரசிகர் மன்றத்தின் கூட்டங்கள் அனைத்தையும் ஆட்கொண்டது ஒரே கேள்விதான்: டிமார்கோ மர்ரே போன பிறகு டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற நம் அமெரிக்கக் கால்பந்து அணியில் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர், யார்? ஆகவே அந்த விவாதத்தையே இவ்வறிக்கையின் பொருளாகக் கொள்ளச் செயற்குழு இசைந்தது.

டல்லாஸ் அருகே வேலி ராஞ்ச் பகுதியில் அணியின் பயிற்சித் திடலுக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்கும் உறுப்பினர்கள் நம்மில் பலர். அணியின் தலைமையகம் இந்த 2016ஆம் ஆண்டு ஃபிரிஸ்கோவுக்கு மாறும்போது அங்குள்ள நம் உறுப்பினர்களுக்கு அந்தப் பேறு கிட்டும். மர்ரேயின் பிரிவை நாம் வெறும் செய்தியாகப் படிக்கவில்லை, அக்கம்பக்கத்தில் ஒருவர் வீடு காலி செய்து போனதாகவே உணர்ந்தோம் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இழந்தது எவ்வளவு என்பதை முதலில் சொல்ல வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2011இல் மூன்றாம் சுற்றில் வந்த மர்ரே, 2014 பருவத்தில் 392 முறை பந்தை ஏந்தி ஓடி 1,845 யார்டும் 13 டச் டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டு சேர்ப்பது) எடுத்தார். லீகிலேயே அதுதான் முதலிடம். 1995இல் எம்மிட் ஸ்மித் வைத்த 1,773 யார்டு என்ற அணிச் சாதனை அதனால் முறிந்தது. பருவத்தின் முதல் எட்டு ஆட்டங்களிலும் நூறு யார்டைத் தாண்டி, 1958இல் ஜிம் பிரவுன் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் செய்ததையும் கடந்தார். டிசம்பரில் பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த ஞாயிறன்றே களம் இறங்கினார். அணி 12 வெற்றி, 4 தோல்வியுடன் பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுக்குச் சென்று, டெட்ராய்ட்டை வென்று, கிரீன் பேயில் 26–21 என்று தோற்றது. டெஸ் பிரையன்ட் பிடித்த பந்தை நடுவர்கள் செல்லாது என்று மாற்றிய அந்த ஆட்டத்தை இங்கே மறுபடி விளக்க வேண்டியதில்லை.

அடுத்த மார்ச் மாதமே மர்ரே, நம் பிரிவிலேயே உள்ள பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியுடன் ஐந்து ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதில் 2.1 கோடி உறுதி செய்யப்பட்ட தொகை. கவ்பாய்ஸ் அந்த அளவுக்கு வரவில்லை. அணிகள் ஆட்டக்காரர் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு அந்த ஆண்டு ஏறத்தாழ 14.33 கோடி டாலர். பிரையன்டைத் தக்கவைக்கும் கடமையும் அதே வரம்புக்குள் இருந்தது. ஜூலையில் அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 7 கோடி டாலர் கொடுத்தார்கள். இருவரில் ஒருவர்தான் என்ற நிலையில் நிர்வாகம் பந்தைப் பிடிப்பவரைத் தேர்ந்துகொண்டது. பந்தை ஏந்தி ஓடுபவரை விட்டுவிட்டது. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அப்போது கொதித்ததும், கூடத்தின் சுவரில் தொங்கும் 29ஆம் எண் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததும், அது வாக்கெடுப்பில் தோற்றதும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளன. சட்டையைக் கழற்றாமல் விட்டது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். நமக்காக முறிந்த கையோடு ஓடியவரை நாம் அவமதிக்கலாகாது.

ஏப்ரல் மாதச் சிறப்புக் கூட்டம் நள்ளிரவு வரை நீண்டது. அங்கே எழுந்த கருத்துகளைச் சற்று விரிவாகவே தருகிறேன். டிராஃப்டில்தான் மாற்று தேட வேண்டும் என்றனர் பலர். அவர்கள் விரும்பிய ஜார்ஜியாவின் டாட் கர்லியும் விஸ்கான்சினின் மெல்வின் கார்டனும் 27ஆம் இடத்தில் தேர்வு செய்யும் நமக்கு எட்டுவார்களா என்பது அப்போதே ஐயமாக இருந்தது. பின்னர் கர்லி 10ஆம் இடத்திலும் கார்டன் 15ஆம் இடத்திலும் போனார்கள். டெக்சாஸ் மண்ணில் பிறந்த ஏட்ரியன் பீட்டர்சனை மினசோட்டாவிடமிருந்து பெற வேண்டும் என்ற குரலும் பலமாக இருந்தது. முப்பது வயதை எட்டியவருக்கு அத்தனை பெரிய சம்பளமா என்று பொருளாளர் கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

கடுமையான மோதல் நடந்தது வேறிடத்தில். டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடெரிக், ஜாக் மார்ட்டின் என முதல் சுற்றுத் தேர்வுகள் மூவர் நிற்கும் ஆஃபென்சிவ் லைன் (ஓடுபவருக்கு முன்னே நின்று வழி திறக்கும் வரிசை) நம்மிடம் இருக்கும்போது ஓடுபவர் யாராக இருந்தால் என்ன, நிலம் நல்ல நிலமானால் எந்த நாற்றும் பிழைக்கும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஜோசஃப் ரேண்டில் 2014இல் 51 முறை ஓடி 343 யார்டு எடுத்தார், முறைக்கு 6.7 யார்டு, மர்ரேயோ 4.7தான் என்பது அவர்கள் காட்டிய சான்று. மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள் இதை ஏற்கவில்லை. 1993இல் எம்மிட் ஸ்மித் சம்பளத் தகராறில் ஒதுங்கி நின்றபோது லீகின் மிகச் சிறந்த லைன் நம்மிடம் இருந்தது. ஆனாலும் புதியவரான டெரிக் லாசிக்கை வைத்துக்கொண்டு முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம், எம்மிட் திரும்பிய பிறகே அந்தப் பருவம் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் போய் முடிந்தது என்று அவர்கள் நினைவூட்டினர். இந்த வாதத்துக்கு அன்று தக்க மறுமொழி வரவில்லை.

மர்ரேயை விட்டதே நல்லது என்ற தரப்பையும் குறிப்பிட வேண்டும். ஒரு பருவத்தில் 370 முறைக்கு மேல் ஓடியவர் மறு ஆண்டு தளர்ந்துவிடுவார் என்று புள்ளிவிவரம் பார்ப்போரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. மர்ரே பிளேஆஃபையும் சேர்த்து 436 முறை ஓடியிருந்தார். 1995இல் 377 முறை ஓடிய எம்மிட், மறு ஆண்டு முறைக்கு 3.7 யார்டுக்கு இறங்கினார் என்று இளைய உறுப்பினர் ஒருவர் அட்டவணை போட்டுக் காட்டினார். அட்டவணை நேர்த்தியாகவே இருந்தது. ஆயினும் 1983இல் 390 முறை ஓடிய எரிக் டிக்கர்சன், மறு ஆண்டே 2,105 யார்டு எடுத்து இன்றுவரை முறியாத சாதனையை வைத்தார் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். உழைப்பு உடலைத் தேய்க்கும் என்பது உண்மை; குறிப்பிட்ட ஓர் எண்ணில் தேய்ந்துவிடும் என்பதற்கு ஆதாரம் போதாது.

நிர்வாகம் டிராஃப்டில் முதலாவதாக பைரன் ஜோன்ஸ் என்ற கார்னர்பேக்கை (எதிரணியில் பந்து பிடிப்பவரை மறிக்கும் தடுப்பாட்டக்காரர்) தேர்ந்தது. டிராஃப்ட் முடியும் வரை ரன்னிங் பேக் ஒருவரையும் எடுக்கவில்லை. நம் 60ஆம் தேர்வுக்குப் பின் 86ஆம் இடத்தில் அரிசோனாவுக்குப் போன டேவிட் ஜான்சன் முதல் பருவத்திலேயே பேர் வாங்கியதை எண்ணி உறுப்பினர்கள் வருந்துவது நியாயமே. ஓட்டத்துக்கு ரேண்டில், பந்து பிடித்து ஓட லான்ஸ் டன்பார், ஓக்லாந்திலிருந்து குறைந்த செலவில் வந்த டேரன் மெக்ஃபேடன் என்று மூவருக்கு வேலையைப் பங்கிட்டார்கள். மெக்ஃபேடன் 2008இல் நான்காம் இடத்தில் தேர்வானவர். ஆனால் அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் முறைக்கு மூன்றரை யார்டை எட்டாதவர். அவர்மீது நம் கூட்டத்தில் நம்பிக்கை வைத்தவர்கள் சிலரே.

பருவம் நல்லபடியாகத் தொடங்கியது. செப்டம்பர் 20 அன்று பிலடெல்பியாவில் மர்ரேயை 13 ஓட்டங்களில் 2 யார்டுக்குள் அடக்கி 20–10 என்று வென்றோம். ஆனால் அதே ஆட்டத்தில் நம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டோனி ரோமோவின் காறை எலும்பு முறிந்தது. பிரையன்டின் கால் முதல் ஆட்டத்திலேயே முறிந்திருந்தது. அடுத்த வாரம் அட்லாண்டாவுக்கு எதிராக ரேண்டில் முதல் பாதியிலேயே மூன்று டச் டவுன் எடுத்தபோது, கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நம் கூடம் ஆர்ப்பரித்தது. இரண்டாம் பாதியில் அட்லாண்டா ஓட்டத்துக்கு வழியே விடாமல் அடைத்தது. 39–28 என்று தோற்றோம். அதற்கடுத்த வாரம் நியூ ஆர்லியன்சில் டன்பாரின் முழங்கால் போயிற்று. நவம்பர் தொடக்கத்தில் ரேண்டில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். சியாட்டிலிடமிருந்து பெற்ற கிறிஸ்டின் மைக்கேலும் நிலைக்கவில்லை.

எஞ்சியவர் மெக்ஃபேடன். அக்டோபர் 25 அன்று நியூயார்க் ஜயன்ட்சுக்கு எதிராக 29 முறை ஓடி 152 யார்டு எடுத்த அவர், பருவ முடிவில் 1,089 யார்டுடன் லீகில் நான்காம் இடத்தில் நின்றார், முறைக்கு 4.6 யார்டு, அதாவது மர்ரேயின் 2014 சராசரியைவிட 0.1 யார்டுதான் குறைவு. மர்ரேயோ பிலடெல்பியாவில் முறைக்கு 3.6 யார்டு வீதம் 702 யார்டோடு நின்றார். குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் நின்று பக்கவாட்டில் பந்தை வாங்கி ஓட வேண்டிய முறை அங்கே. பின்னால் ஆழத்தில் நின்று, லைன் நகரும் திசையைப் பார்த்து, திறக்கும் இடைவெளியில் ஒரே அடியில் திரும்பிப் பாய்வதுதான் அவருக்குக் கைவந்த முறை. அது இங்கே இருந்தது, அங்கே இல்லை. லைன்தான் முக்கியம் என்று வாதிட்டவர்கள் இந்த எண்களைக் காட்டி வெற்றி கொண்டாடியபோது, அணி 4 வெற்றி, 12 தோல்வியுடன் பிரிவின் அடியில் கிடந்தது.

இந்த இடத்தில் செயலாளர் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். ஆண்டு முழுவதும் நாம் யார்டைத்தான் எண்ணினோம். யார்டு திரும்பக் கிடைத்தது. மர்ரே 2014இல் 392 ஓட்டங்களோடு 57 பந்துகளையும் பிடித்தார், குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வோரைத் தடுத்தார், 13 முறை பந்தைக் கோட்டுக்குள் கொண்டு சேர்த்தார். மெக்ஃபேடன் ஓடி அப்படிச் சேர்த்தது மூன்றே முறை. மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்த வேலைகளை மர்ரே ஒருவரே செய்துவந்தார் என்பதும், அவர் களத்தில் இருக்கும்வரை அடுத்து ஓட்டமா வீச்சா என்பது எதிரணிக்குத் தெரியாது என்பதும் நம் விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை. பங்கிட்ட திட்டத்தில் ஆள் மாறும்போதே எதிரணிக்குப் பாதி செய்தி போய்விடுகிறது. இருவர் விழுந்தால் திட்டமே விழுகிறது. ரோமோ நின்றிருந்தால் இந்தக் குறை மறைந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் நான்கே ஆட்டங்களில் தொடங்கிய ஒரு பருவத்தை வைத்து எந்த வாதத்தையும் முற்றிலும் நிரூபிக்க இயலாது. ஆனாலும் மூத்த உறுப்பினர்கள் 1993ஐக் காட்டிச் சொன்னது அட்டவணைகளைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்பதே என் துணிபு.

மர்ரே இந்த 2016 மார்ச்சில் பிலடெல்பியாவிலிருந்து டென்னசிக்கு மாற்றப்பட்டார். நம் அணி வாஷிங்டனிலிருந்து ஆல்ஃபிரட் மாரிஸைச் சேர்த்துள்ளது. ஏப்ரல் 28 அன்று சிகாகோவில் நடக்கும் டிராஃப்டில் நான்காம் தேர்வு நம்முடையது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் ஜேலன் ராம்சியை எடுத்துத் தடுப்பைப் பலப்படுத்த வேண்டும் என்போரும், ஒஹாயோ ஸ்டேட்டின் எசெக்கியல் எலியட்டை எடுக்க வேண்டும் என்போரும் மன்றத்தில் ஏறக்குறையச் சமமாக உள்ளனர். மெக்ஃபேடனும் மாரிஸும் இருக்க இத்தனை உயர்ந்த தேர்வை ஓடுபவருக்குச் செலவிடுவது வீண் என்ற முதல் தரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. எனினும் எலியட் ஓடுவதோடு, தடுப்பதிலும் பந்து பிடிப்பதிலும் தேர்ந்தவராக அறியப்பட்டவர்; மூன்றாம் டவுனிலும் (ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) களத்தை விட்டு வெளியேற வேண்டாதவர். மேற்சொன்ன காரணத்தால் என் வாக்கு அவருக்கே. செயற்குழு இதில் நிலைப்பாடு எதுவும் எடுக்கவில்லை. டிராஃப்ட் இரவுக் கூடுகைக்கு முன் உறுப்பினர் வாக்கெடுப்பு ஒன்று நடத்த மட்டும் முடிவு செய்துள்ளது. பங்கேற்போர் தம் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு யார் எதை ஏன் சொன்னார் என்று எழுத்தில் இருந்ததால்தான் இவ்வறிக்கையை எழுத முடிந்தது.

கூடம் தந்து உதவியவர்களுக்கும், ஆட்ட நாட்களில் சமையல் பொறுப்பேற்ற குடும்பங்களுக்கும், சூடான விவாதங்களில் அமைதி காத்த தலைவருக்கும் மன்றத்தின் நன்றி உரியது. இவ்வறிக்கையைப் பேரவை விவாதித்து, திருத்தங்கள் இருப்பின் சேர்த்து, ஏற்று அங்கீகரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்