மூளைக் கட்டியைக் குறிவைக்கும் மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம். மெதுவாக வளரும் கிளியோமா மூளைக் கட்டிகள் பலவற்றில் ஐடிஎச் மரபணு மாறியிருக்கும். அதனால் பழுதாகும் நொதியைக் குறிவைத்து முடக்குகிறது வோராசிடெனிப் மாத்திரை. 331 பேர் பங்கேற்ற ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 11 மாதம். மருந்து எடுத்தவர்களுக்கு 27 மாதத்துக்கும் மேல். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நோயை அடியோடு போக்காதுதான். ஆனால் கதிர்வீச்சு சிகிச்சையைத் தள்ளிப்போட முடிகிறதே, அதுவே பெரிய விஷயம்! கதிர்வீச்சுக்குப் போய்வந்த என் தங்கை, வீட்டுக் கணக்கையெல்லாம் மனசிலேயே போட்டவள், இப்போது பால் கணக்குக்கே விரல்விட்டு எண்ணுகிறாள். பாதியில் மறந்து மறுபடி தொடங்குவாள். ஐடிஎச் பரிசோதனையும் இந்த மருந்தும் ஏழைகளுக்கும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, திருச்சி